சுத்துற பொட்டிக்குள் ஒரு சத்தம்

பெட்டியின் பின்பலகையைக் கழற்றியதும் முதலில் வெளியே வந்தது உன் வாசனைதான். தையல் மெஷின் எண்ணெய், சூடுபட்ட தூசி, அடியில் கொஞ்சம் சந்தனம். நீ வந்துவிட்டுப் போனால் இந்த அறையில் அரைநாள் நிற்கும் அதே வாசனை. திருப்புளியும் கையுமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அறுபத்து நாலு வயதில் தரையில் உட்காருவது ஒன்றும் பெரிய காரியமில்லை. எழுந்திருப்பதுதான் பிரயத்தனம்.

"இன்னாக்கா, குந்திக்கினு கீற? பொட்டி தானா ரெடி ஆயிடுமா?" என்று கேட்டிருப்பாய். கேட்கவில்லை. நீ போய் மூன்று மாதம் ஆகிறது.

உனக்கு இப்படி எழுதுவது வீண் வேலை என்று எனக்கே தெரிகிறது. இருந்தபோதே நான் அனுப்பிய எந்த மெசேஜையும் நீ படித்ததில்லை. உடனே ஃபோன் போட்டு, "இன்னாமோ அனுப்ச்சிக்கிறியே, நீயே சொல்லிடு" என்பாய். அதனால் இதையும் வாயால் சொல்கிறாற்போலவே எழுதிவிடுகிறேன்.

பெட்டியில் சத்தம் வந்தது. ஆயுத பூஜைக்குப் பிறகு நான் அதைப் போடவே இல்லை. முதலில் இளைய மச்சினர் போன காரியங்கள், அடுத்து உன் ஆஸ்பத்திரி, அப்புறம் நீயே. அதன் மேல் ஒரு பழைய புடவையைப் போர்த்தி வைத்திருந்தேன். போன வியாழக்கிழமை அடையாறிலிருந்து ஒருவர் அதைப் பார்க்க வந்தார். புதிதாகக் காபிக்கடை வைக்கப்போகிறாராம். எல்லாம் என் பிள்ளையின் ஏற்பாடு. "அம்மா, அவர் போயாச்சு, இனிமே அதை யார் ரிப்பேர் பண்ணுவா, நல்ல இடமாப் பார்த்துக் கொடுத்துடு" என்று வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. நீ இல்லாமல் அந்தப் பெட்டியைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை.

வந்தவருக்குப் புடவையை விலக்கிக் காட்டினேன். இடுப்புக்கு மேல் உயரமாக, பக்கமெல்லாம் சட்டம் சட்டமாக இடைவெளி விட்ட மரப்பெட்டி. உள்ளே மேல்தட்டில் இரண்டு வாய் வைத்த ஒரு கொம்பு சுற்றும், கீழ்த்தட்டில் மரத்தால் ஆன உருளை சுற்றும், ஆர்கனில் வாசிப்பதை இரண்டுமாகச் சேர்ந்து அறை முழுக்கச் சுழற்றி அடிக்கும் என்று விளக்கினேன். மனிதர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஆன்ட்டி, மேல மணி பிளான்ட் தொட்டி வெச்சா வெயிட் தாங்குமா?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் கோபம்தான் உனக்குத் தெரியுமே. அவரை உட்காரவைத்து, வாசித்துக் காட்டுகிறேன் பார் என்று பெட்டியைப் போட்டேன். உள்ளே இருக்கிற கண்ணாடி வால்வெல்லாம் சூடாக ஒரு நிமிஷம். ஆர்கனில் கீழ்ப்பக்கத்து ஜி கட்டையை அழுத்தினேன். அடியிலிருந்து அந்தப் பெரிய சத்தம் எழும்பியது. கூடவே கிர்ர்ர் என்று இன்னொன்றும் வந்தது. வண்டு ஒன்று தீப்பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி. காபிக்கடைக்காரருக்கே கேட்டுவிட்டது. "ரிப்பேரா?" என்றார் மெதுவாக.

ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டு வாங்கோ என்று சொன்னேன். அதற்குள் இந்தச் சத்தத்தை நான் கண்டுபிடிக்கவில்லை என்றால் பெட்டி உங்களுக்கு, தொட்டி வையுங்கள், தோட்டமே வையுங்கள். கண்டுபிடித்துவிட்டால் பெட்டி இங்கேயே இருக்கும். அவர் சிரித்துக்கொண்டே போனார். கதவைச் சாத்திவிட்டு வந்தபோதுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. இத்தனை வருஷத்தில் இந்தப் பெட்டியில் நானாக ஒரு சத்தத்தையும் கண்டுபிடித்ததில்லை. சத்தம் வரும்; உன்னைக் கூப்பிடுவேன்; அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வித்தை.

நீ முதன்முதலில் இந்த வீட்டுக்குள் வந்தது இந்தப் பெட்டிக்காக இல்லை, சீலிங் ஃபேனுக்காக. மந்தைவெளியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் ஃபேன், மோட்டாருக்கெல்லாம் காயில் கட்டும் கடை வைத்திருந்தாய். கத்திரி வெயில். வடபழனியில் மூடிய ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவிலிருந்து பெட்டியை நான் வாங்கி வந்து ஒரு வருஷம் இருக்கும். மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் இருக்கும் இந்த முன்னறையைத்தான் நான் ரெக்கார்டிங் அறை என்று பீற்றிக்கொண்டிருந்தேன். ஆர்கன் வேண்டும் என்கிறவர்கள் என்னைத் தேடி வர ஆரம்பித்த நேரத்தில் பெட்டிக்குள் சத்தம் வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் ஸ்பீக்கர் காகிதம் கிழிந்துவிட்டது என்றார். இன்னொருவர் பெட்டிக்கு வயசாகிவிட்டது என்றார். மூன்றாமவர் சத்தமே கேட்கவில்லை என்றார். அன்றைக்கு இரண்டாவது முறையாக ஒரு ரெக்கார்டிங் கைவிட்டுப் போயிருந்தது. நீ ஸ்டூல் மேல் நின்று ஃபேனைக் கழற்றிக்கொண்டிருக்கிறாய், நான் கீழே அந்த ஒரே கட்டையை அழுத்தி அழுத்திப் பெட்டியைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

"யக்கா, இன்னா இது, பொட்டிக்குள்ள ஃபேன் ஓடுது?"

அது ஃபேன் இல்லை என்று எரிச்சலாகச் சொன்னேன். நீ இறங்கி வந்து சட்டத்தின் இடுக்கு வழியாக உள்ளே பார்த்தாய். கொம்பு சுற்றுவதைப் பார்த்ததும் உன் முகத்தில் வந்த சிரிப்பு எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. புதிதாகப் பிறந்த குழந்தையைப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள். பிறகு நீ கேட்ட முதல் கேள்வி:

"சத்தம் சுத்துறப்ப வர்தா, வாசிக்கிறப்ப வர்தா?"

மூன்று பேர் வந்தார்களே, அதில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. மோட்டாரை நிறுத்தச் சொன்னாய். கொம்பும் உருளையும் நின்றன. வாசிக்கச் சொன்னாய். சத்தம் நிற்கவில்லை. "அப்ப சுத்துற சாமான் மேல தப்பு இல்ல" என்று நிம்மதியாகச் சொன்னாய், உறவுக்காரன் மேல் விழுந்த பழி நீங்கினது போல.

அடுத்து நீ பெட்டியைத் தொடுவாய் என்று பார்த்தால், பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தாய். நான் கட்டையை அழுத்திப் பிடித்திருக்கிறேன். பீரோக் கைப்பிடியைத் தொட்டாய், மாமனார் படத்தின் சட்டத்தைத் தொட்டாய், ஜன்னலருகே போய் நின்றாய். அங்கே கம்பியை ஒட்டி ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. வேலைக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கென்று என் மாமியார் தனியாக வைத்திருந்த டம்ளர். அரைமணி முன்னால் நீ அதில்தான் குடித்தாய். குடித்துவிட்டு அவர் சொன்னபடி அங்கேயே கவிழ்த்திருந்தாய். இரண்டு விரலால் அதைப் பிடித்தாய். சத்தத்தில் பாதி நின்றுபோனது.

"மொத சத்தம் இதுதான்க்கா. என் டம்ளரு."

உன் குரலில் குத்தல் எதுவும் இல்லை. கண்டுபிடித்த சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்று சாயங்காலமே அந்த டம்ளரை உள்ளே கொண்டுபோய் மற்ற டம்ளர்களோடு கலந்து அடுக்கினேன். "ஆத்துல என்ன நடந்துண்டிருக்கு?" என்று கேட்டுவிட்டு, மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் பெரிய புரட்சி எதுவும் செய்துவிடவில்லை. அது அங்கே தனியாக இருந்ததை அத்தனை வருஷம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவளும் நான்தான். இதை உன்னிடம் ஒரு நாளாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

மீதிப் பாதிச் சத்தத்துக்குத்தான் நீ பெட்டிக்கு வந்தாய். நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அதன் முனையை மரத்தில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாய். ஃபேன் பேரிங் பார்க்கிற வழக்கமாம். ஒரு பலகை, அடுத்த பலகை, அடுத்த சட்டம். ஒவ்வொன்றையும் கேட்டு முடித்ததும் சாக்பீஸால் ஒரு கோடு. நான் பத்து வயதிலிருந்து சங்கீதம் படித்தவள். என் காதைப் பற்றி எனக்கு ரொம்ப கர்வம் உண்டு. அந்தப் பத்து நிமிஷத்தில் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை, நீயோ எதையோ நடந்து நடந்து நெருங்கிக்கொண்டிருந்தாய். மேல்தட்டின் மூலைக்கு வந்ததும் அசையாமல் நின்றாய்.

"கட்டை இல்ல. இரும்பு இல்ல. சின்னது. நெறைய கீது."

ஈர்க்குச்சி கேட்டாய். அதன் நுனியில் ஈரச் சோப்பைத் தடவி, மேல்தட்டும் பக்கப்பலகையும் சேரும் இடுக்கில் விட்டு எடுத்தாய். நுனியில் மஞ்சளாக ஒரு அரிசி ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னொன்று. இன்னொன்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

"யக்கா, பொட்டிக்கு சோறு போட்டியா?"

போட்டவள் நான்தான். அதற்கு முந்தின ஆயுத பூஜைக்கு, சாமானுக்குச் சாமான் பொட்டு வைக்க வேண்டாமா என்று பின்பலகையைத் திறந்துவைத்து, கொம்புக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, கை நிறைய அட்சதையை எடுத்து ஸ்வாமிக்குப் போடுகிறாற்போல உள்ளே போட்டிருக்கிறேன். மேல்தட்டில் விழுந்த அரிசியெல்லாம் நான் வாசிக்க வாசிக்க ஆடி ஆடி நகர்ந்து அந்த இடுக்கில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அடித்தொண்டையில் ஜி வந்தால் அத்தனையும் எழுந்து ஆடும். வந்து பார்த்த அந்த மூன்று பேர் எங்கே இதை யோசிப்பார்கள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், நீயும் சிரித்தாய், உள்ளேயிருந்து மாமியார் என்ன கூத்து என்று எட்டிப் பார்த்தார்.

"அட்சதை மன்சன் தலையில போட்றதுக்குக்கா. பொட்டி மேல சந்தனத்தோட நிறுத்திக்கோ" என்று அன்றைக்குச் சட்டம் போட்டாய். அதன் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் உன் கடைப் பூஜையை முடித்துக்கொண்டு இங்கே வந்துவிடுவாய், நான் சட்டத்தை மீறுகிறேனா என்று பார்க்க. சுண்டலை வாங்கிக்கொண்டு பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுவாய்.

அந்தப் பெட்டியில் அப்புறம் எத்தனை சத்தம். மோட்டாருக்கு அடியில் இறுகிப்போன ரப்பர், உருளையைச் சுற்றிய துணியில் விட்டுப்போன ஒட்டு, மூலையில் தளர்ந்த ஒரு ஆணி. ஒவ்வொரு முறையும் அதே கேள்வியோடு ஆரம்பிப்பாய், அதே மாதிரி அறையைச் சுற்றி வருவாய். பதினைந்து வருஷம் பழகியும் எனக்கு அந்த ஆச்சரியம் குறையவில்லை.

ஆற்றங்கரையில் இருந்த உங்கள் வீடுகளை எடுத்துவிட்டு எல்லாரையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினபோது உன் கடையும் போயிற்று. இரண்டு பஸ் மாறி வரவேண்டும். அப்படியிருக்க ஒரு காலை, வாடிக்கைக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், பெட்டிக்குள் டொக்கு டொக்கு என்று தட்டல். ஃபோன் பண்ணினேன். வருவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகுமே என்று அழாக்குறையாகச் சொன்னேன். ஃபோனை உள்ளே பிடி என்றாய். கொம்புக்கு நேராக வேண்டாம், அடியில் மோட்டாராண்ட. பிடித்தேன். தெருவில் ஒரு ஆட்டோ நின்று உறுமிக்கொண்டிருந்தது. "அந்த ஆட்டோ போட்டும், இரு" என்று காத்திருந்தாய். அது போன பிறகு ஒரு நிமிஷம் கேட்டாய். பிறகு சொன்னாய், உருளையை ஓட்டும் பெல்ட் ஒரு சுற்று வருவதற்கு ஒரு தட்டல்தான் வருகிறது, ஒட்டின இடம் தூக்கிக்கொண்டிருக்கிறது, பிளேடால் சீவிவிடு என்று. காய்கறிக் கத்தியால் சீவினேன். தட்டல் போய்விட்டது.

அந்த வாடிக்கைக்காரர்கள் என்னை ஏதோ மேதாவி மாதிரி பார்த்தார்கள். அவர்கள் போன பிறகு நான் வெகுநேரம் அந்த ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவது மாடியில், குழந்தைகள் கத்த, பக்கத்து வீட்டு டிவி அலற, ஓட்டை ஃபோன் ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு, மயிலாப்பூரில் இருக்கும் ஒரு பெல்ட்டின் ஒட்டை ஒரு மனிதன் கேட்டிருக்கிறான். எப்படி முடிந்தது என்று கேட்டதற்கு, "நீ பாட்டைக் கேக்கறக்கா. நான் பாட்டைத் தள்ளிட்டு மீதியைக் கேக்கறேன், அவ்ளோதான்" என்றாய். அவ்ளோதானாம்.

உன் பெண்ணின் கல்யாணம் ஆதம்பாக்கத்து மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டின நேரத்தில் நான் முன்வரிசையில் நின்று அட்சதை போட்டேன். சாப்பாட்டுக்குப் போகும் முன் நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். பட்டு வேட்டி இடுப்பில் நிற்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாய். அந்த வருஷம்தான் என் மாமியாரும் போயிருந்தார். அவருக்கு முன்னால் என் கணவர், அப்பா, அம்மா எல்லாரும். என் கையில் மீந்திருந்த அட்சதையைப் பார்த்துவிட்டு நீ கேட்டாய்:

"எல்லாருக்கும் நீ போட்ற. உன் தலையில போட இப்ப யார்க்கா கீறாங்க?"

ஒருத்தரும் இல்லை, எங்கள் பக்கத்தில் இப்போது நான்தான் எல்லாருக்கும் பெரியவள் என்றேன். பெரியவர்கள்தான் சின்னவர்களுக்குப் போடலாம், அதுதானே வழக்கம். நீ கொஞ்சம் யோசித்தாய். "நான் போட்லாம்னா நாலு வயசு சின்னவனாப் பூட்டேன்" என்று வருத்தமாகச் சொன்னாய். போதும் வா, வடை ஆறிடும் என்று உன்னை எழுப்பிக்கொண்டு போனேன். அந்தப் பேச்சை அங்கேயே மறந்தும் போனேன்.

போன ஆயுத பூஜைக்கு நீ வருவாய் என்று நான் நினைக்கவில்லை. சிறுநீரகம் கைவிட்டு, வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்த நேரம். இங்கேயும், மச்சினர் போய் ஆறு நாள்தான் ஆகியிருந்தது. எங்களுக்குத் தீட்டு, இந்த வருஷம் பூஜையும் இல்லை பண்டிகையும் இல்லை என்று ஃபோனில் சொல்லிவிட்டேன். அப்படியும் மத்தியானம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பெண்ணை ஆட்டோவிலேயே உட்காரச் சொல்லிவிட்டு, நீ மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாய்.

"தீட்டு உனுக்குத்தானே? பொட்டிக்கு இன்னா தீட்டு?"

என்னை அறைக்கு வெளியே நிற்கச் சொன்னாய். வாசற்படிக்கு இப்பால் நின்றேன். ஒரு காலத்தில் இதே அறைக்குள் உனக்குத் தனி டம்ளர் வைத்த வீடு இது. அன்று தள்ளி நின்றவள் நான், உள்ளே போய்ப் பூஜை செய்தவன் நீ. எனக்கு உன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. பின்பலகையைக் கழற்ற உனக்கு வெகுநேரம் ஆயிற்று. கை அப்படி நடுங்கியது. கர்ப்பூர வாசனை வந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாய், குங்குமம் என்று நினைத்துக்கொண்டேன். பலகையை மாட்டிவிட்டு வெளியே வந்து, "ஆச்சுக்கா" என்றாய். ஒரு வாய் காபிகூட வேண்டாம் என்றுவிட்டு இறங்கிப்போனாய். கார்த்திகை மழையில் உன்னைக் கொண்டுபோனார்கள்.

வெள்ளிக்கிழமை முழுக்க நீ செய்தபடியே அறையைத்தான் பார்த்தேன். மோட்டாரை நிறுத்தினேன், சத்தம் நிற்கவில்லை. சுத்துற சாமான் மேல் தப்பு இல்லை என்று வாய்விட்டே சொன்னேன். கட்டையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாததால் இஞ்சி தட்டும் குழவியை ஜி மேல் தூக்கி வைத்தேன். பீரோ, படங்கள், ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுக் கேட்டேன். ஜன்னல் ஓரத்தில் இப்போது எதுவும் இல்லை. ஆனாலும் அங்கே போய் நின்றேன். சத்தம் பெட்டிக்குள்தான் என்று முடிவானபோது பொழுது சாய்ந்துவிட்டது.

நேற்று சனிக்கிழமை, காபி குடித்த கையோடு பலகையைக் கழற்றினேன். அப்போதுதான் உன் வாசனை வந்து நான் தரையில் உட்கார்ந்தது. கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் என்ன மறைவு. பிறகு உன் நீளத் திருப்புளி மாதிரி ஒன்றைத் தேடி எடுத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டேன். ஒன்றும் புரியவில்லை. எங்கே வைத்தாலும் ஜி, ஜி, ஜி. மண்டைக்குள் ஆர்கன்தான் கேட்டது. பத்து மணி, பதினொரு மணி. ஆறு கோடு போட்டாயிற்று. எரிச்சலில் திருப்புளியைத் தூக்கி எறிந்தேன், அது மேஜைக்கடியில் போய் உருண்டது. ஞாயிற்றுக்கிழமை வண்டி வரட்டும், தொலையட்டும் என்று கூட நினைத்தேன். மேஜைக்கடியில் குனிந்து அதை எடுக்கும்போதுதான் நீ ஃபோனில் சொன்னது ஞாபகம் வந்தது. நான் பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தேன். அதைத் தள்ள வேண்டும். எப்படித் தள்ளுவது என்று நீ சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஜி வருகிற இடத்திலெல்லாம் இது இல்லை, இது இல்லை என்று மனசால் ஒதுக்கிக்கொண்டே வந்தேன். எவ்வளவு நேரம் ஆயிற்றோ. மேல்தட்டின் மூலைக்கு வந்தேன். அந்தப் பெரிய சத்தம் முழுக்க ஒரு பக்கமாக விலகி நிற்க, அதற்கு அப்பால் அது கேட்டது. இத்தனை வருஷமும் நீ இருந்த இடம் இதுதானா என்று இருந்தது.

கட்டை இல்லை. இரும்பு இல்லை. சின்னது. நிறைய இருக்கிறது.

பார்ப்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. ஈர்க்குச்சியில் சோப்பைத் தடவி விட்டேன். மஞ்சளாக வந்தது. ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். ஒன்பது அரிசி. ஒன்றுகூட முனை உடையவில்லை.

நான் போட்டதில்லை. நீ சட்டம் போட்ட நாளிலிருந்து ஒரு மணி அரிசி இந்தப் பெட்டிப் பக்கம் வந்ததில்லை. போன பூஜைக்கு நான் உள்ளேயே போகவில்லை. உன் பெண்ணுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டேன். அந்தப் பொட்டலத்தைப் பற்றி எனக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நான்தாங்க கலந்து குடுத்தேன். முனை ஒடையாததாப் பாத்துப் பொறுக்கச் சொன்னாரு. பொட்டிக்கான்னு கேட்டேன். இல்ல, அக்காவுக்குன்னாரு."

பலகை கழற்றிய பெட்டி எதிரே இருக்கிறது, கட்டை மேல் குழவி இருக்கிறது, நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவள் ஹலோ ஹலோ என்கிறாள். என் தலையில் போட உனக்கு வயசு போதவில்லை. அதனால் நான் தினமும் உட்காருகிற இடத்துக்கு எதிரே இருக்கும் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். சத்தம் வரும் என்று உனக்குத் தெரியாதா? உலகத்திலேயே உனக்குத்தான் நன்றாகத் தெரியும். என்றைக்காவது வரும், அன்றைக்கு இவள் தேடுவாள் என்றும் தெரிந்திருக்கும். இல்லை, கை நடுக்கத்தில் கொஞ்சம் உள்ளே சிந்திவிட்டதா? அதை மட்டும் நான் கண்டுபிடிக்கப்போவதில்லை.

காபிக்கடைக்காரரைக் கூப்பிட்டு, வண்டி வேண்டாம் என்றேன். கிடைச்சிடுச்சா ஆன்ட்டி, என்ன சத்தம் என்று கேட்டார். அரிசி என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது.

பிறகு பெட்டிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தலையைக் குனிந்து, ஒன்பதையும் நானே என் தலையில் போட்டுக்கொண்டேன். இனிமேல் நீ சின்னவன் என்ற பேச்சே செல்லாது. எங்கள் வீட்டில் போனவர்கள் எல்லாரும் பெரியவர்கள்தான், அமாவாசைக்கு அமாவாசை அவர்களைத்தான் கும்பிடுகிறோம். அதனால் வாங்கிக்கொண்டேன். வெகுநாள் கழித்து என் தலையில் ஒருவர் போட்டது.

அறையைப் பெருக்கும்போது எட்டுதான் கிடைத்தது. ஒன்பதாவது பெட்டிக்குள் இல்லை, ஜி கட்டையை அழுத்திப் பார்த்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது. காலையில் தலை வாரினபோது சீப்பிலும் வரவில்லை. இங்கேதான் எங்கேயோ, முடிக்குள்ளே, இருக்கிறது.